அப்பாயியின் வேலைக் கணக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாயியின் வருஷத் திதிக்கு அச்சடிக்க நீ எழுதி அனுப்பிய மூன்று பக்கத்தையும் இரண்டு தரம் படித்தேன். எழுத்து நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் "ஓயாமல் உழைத்தார்" என்று நாலு இடத்தில் வருகிறது. என்ன உழைத்தார் என்று ஒரு இடத்தில்கூட இல்லை. "தியாகத் திருவுருவம்" என்பதை யார் செத்தாலும் போஸ்டரில் போடுகிறார்கள். அப்பாயி பேரை எடுத்துவிட்டு அடுத்த தெருப் பாட்டியின் பேரைப் போட்டாலும் உன் மூன்று பக்கமும் அப்படியே பொருந்தும். இருக்கிற குறை அது ஒன்றுதான், பெரிய குறையும் அதுதான்.

குடியானவர் வீட்டுப் பெண்ணின் 88 வருஷத்தை எழுதுவதென்றால் வேலையை வேலையாக எழுத வேண்டும். எந்த வேலை, எந்த மாதம், எத்தனை மூட்டை, எதில் கெட்டுப்போகும், கெட்டால் என்ன நஷ்டம். அதற்கு வேண்டியதைக் கீழே எழுதுகிறேன். வரிசையாக இருக்காது, நீ வரிசைப்படுத்திக்கொள்.

முதலில் வயது. ஆதாரில் இருக்கும் 1.1.1940-ஐ அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறாய். பிறந்த தேதி தெரியாத பெரியவர்களில் நிறையப் பேருக்கு ஆதாரில் ஜனவரி 1 தான் பிறந்த நாள். வருஷமும் அன்றைக்கு யாரோ முகத்தைப் பார்த்துக் குத்துமதிப்பாகச் சொன்னது. அப்பாயி வாயால் சொன்னது "தாது வருஷம் ஆவணி". அது 1936. தமிழ் வருஷப் பெயர் 60 வருஷத்துக்கு ஒரு தரம் திரும்பி வரும் என்பதால் 1876-ம் தாதுதான், 1996-ம் தாதுதான். 1876-ல் வந்தது பெரும் பஞ்சம். அதனால் "தாது வருஷத்துக்காரி" என்றதும் யாராவது பஞ்சத்தில் பிறந்ததாகக் கதை கட்டுவார்கள். அது அப்பாயிக்கு 60 வருஷம் முந்தியது, சேர்க்காதே.

இன்னொரு இடத்தில் எல்லாரும் சறுக்குவார்கள். தமிழ் வருஷம் சித்திரையில் பிறக்கிறது. அதனால் மார்கழி பாதியிலிருந்து, தை, மாசி, பங்குனி எல்லாம் இங்கிலீஷ் கணக்கில் அடுத்த வருஷத்துக்குப் போய்விடும். தாது ஆவணி என்றால் 1936, தாது மாசி என்றால் 1937. சின்ன அப்பாயியைக் கேட்கும்போது வருஷப் பெயரோடு மாதத்தையும் கேட்டு வாங்கு.

வருஷப் பெயர் ஞாபகம் இல்லாதவர்களிடம் "எந்த வருஷம்" என்று கேட்டால் பதில் வராது. "எதுக்கு முன்னாடி, எதுக்குப் பின்னாடி" என்று கேட்க வேண்டும். நம்ம பக்கத்துக்கு உதவுகிற அடையாளங்கள் இவை: 1952 நவம்பர் 30 நாகப்பட்டினத்துப் புயல் (நந்தன வருஷம் கார்த்திகை). 1957 ஏப்ரல் 1-ல் அணா போய் நயா பைசா வந்தது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடி போன புயல். 1968 டிசம்பர் 25 வெண்மணியில் குடிசைக்குத் தீ வைத்தது. 1977 நவம்பர் 12-ல் மறுபடி நாகப்பட்டினத்துப் புயல், பிங்கள வருஷம் ஐப்பசி. 1982 ஜூலையில் சத்துணவு. 1987 டிசம்பர் 24 எம்.ஜி.ஆர். இறந்தது. பிறகு 2004 சுனாமி, 2018 கஜா. "மூணாவது பிள்ளை அப்போ நடந்துச்சா, தவழ்ந்துச்சா?" என்று ஒரு கேள்வி போட்டால் வருஷம் தானாக வந்து நிற்கும்.

"பெரும்புயலுக்கு அடுத்த வைகாசியில கல்யாணம்" என்று சின்ன அப்பாயி சொல்வதை நீ 1978 என்று எடுத்து, பிறகு உனக்கே இடித்ததால் கேள்விக்குறி போட்டிருக்கிறாய். ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு பெரும்புயல் உண்டு. இது 1952 புயல். ஆக கல்யாணம் 1953, அப்பாயிக்கு அப்போது 16 முடிந்து 17 நடப்பு.

மாவட்டத்தையும் திருத்தாதே. பழைய பத்திரத்தில் தஞ்சாவூர் மாவட்டம் என்று இருப்பது தப்பில்லை. நம்ம ஊர் 1991 வரை தஞ்சாவூர், பிறகு நாகப்பட்டினம், 1997-லிருந்து திருவாரூர். வீடு நகரவே இல்லை, மாவட்டம்தான் இரண்டு தரம் மாறியது.

இனி வேலை. "விடியற்காலை மூன்று மணிக்கே எழுவார்" என்று எழுதியிருக்கிறாய். ஏன் என்று எழுதவில்லை. அது சுறுசுறுப்பால் வந்த பழக்கம் என்று படிக்கிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். நெல் அவிக்கிற நாளில் மூன்று மணிக்கு அடுப்பு மூட்டினால்தான் வெயில் ஏறும்போது நெல் களத்தில் பரந்திருக்கும். ஆறு மணிக்கு எழுந்தால் ஒரு பகல் வெயில் வீண். அவ்வளவுதான் காரணம்.

நெல் அவிப்பதை மட்டும் நீ முழுசாக எழுதினால் போதும், அப்பாயியின் பாதி வாழ்க்கை அதில் வந்துவிடும். எழுதிக்கொள்.

முந்தின நாள் காலையில் நெல்லைத் தொட்டியில் கொட்டித் தண்ணீர் விட வேண்டும். மிதக்கிற பதரை முறத்தால் அரித்து எடுத்து மாட்டுக்குப் போட்டுவிடலாம். ஒரு பகலும் ஒரு ராத்திரியும் ஊறும். அதற்கு மேல் தண்ணீர் மாற்றாமல் கிடந்தால் புளித்த வாடை ஏறிவிடும்; அரிசியை எத்தனை தண்ணீர் கழுவினாலும் சோற்றில் அது தெரியும். வேலைக்கு ஆள் வராமல், மழை மூட்டம் போட்டு, அவிப்பது ஒரு நாள் தள்ளிப்போகும்போது இந்த வாடைதான் வரும். தண்ணீரை வடித்துப் புதுத்தண்ணீர் விட்டால் ஒரு நாள் சமாளிக்கலாம்.

பிறகு அண்டா. அடியில் நாலு விரல் உயரத்துக்குத் தண்ணீர், அதற்கு மேல் வடித்த நெல், வாயில் ஈரச் சாக்கு. எரிக்க வைக்கோல், உமி, தென்னை மட்டை, எது இருக்கிறதோ அது. ஆவி அடியிலிருந்து மேலே ஏறி வர நேரமாகும். சாக்கின் மேல் கை வைத்தால் சுட வேண்டும். சாக்கைத் தூக்கினால் மேல் நெல் நுனியில் லேசாக வாய் திறந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் இறக்க வேண்டும். முன்னாடியே இறக்கினால் அரிசியின் நடுவில் வெள்ளையாக ஒரு புள்ளி நிற்கும். அந்த அரிசி குத்தும்போது நடுவில் உடையும். தாமதித்தால் உமி முழுக்கப் பிளந்து அரிசி பிதுங்கி நிறம் சிவக்கும், கஞ்சி வாடை அடிக்கும். அடி நெல் வெந்து மேல் நெல் வேகாமல் இருப்பதுதான் இதில் அடிக்கடி வருகிற தொல்லை. அதற்கு நடுவில் ஒரு தரம் கழியை விட்டுக் கிளறிவிட வேண்டும், ஆவி முகத்தில் அடிக்கும். அப்பாயியின் வலது முன்கையில் முடியில்லாமல் வழவழப்பாக ஒரு பட்டை இருந்தது ஞாபகம் இருக்கிறதா? உன் மூன்று பக்கத்தில் அந்தக் கை எங்கேயும் இல்லை.

உலர்த்துவது அதைவிட நுட்பம். களத்தில் மெல்லிசாகப் பரப்பி, கால் விரலால் வரி வரியாகக் கோடு இழுத்துக்கொண்டே நடக்க வேண்டும்; போன கோட்டுக்குக் குறுக்கே அடுத்த கோடு. சித்திரை வெயிலில் ஒரே மூச்சில் காய வைத்துவிட்டால் வேலை சீக்கிரம் முடிந்ததுபோல் இருக்கும், ஆனால் அரிசிக்குள் கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் விழுந்து உலக்கை பட்டதும் நொய்யாகிவிடும். மேல்தோல் காய்ந்து உள்ளே ஈரம் நிற்பதால் வருகிற விரிசல் அது. அதனால் அரைக் காய்ச்சலில் நெல்லைக் குவித்துச் சாக்கைப் போட்டு மூடி, உள் ஈரம் வெளியே வர விட்டு, மறுபடி பரப்பிக் காய வைப்பார்கள். பதம் பார்க்க நாலு நெல்லை உள்ளங்கையில் தேய்த்து உமி நீக்கி, அரிசியைக் கடைவாய்ப் பல்லில் வைத்துக் கடிக்க வேண்டும். 'டக்' என்று இரண்டாக உடைந்தால் பதம். நசுங்கினால் ஈரம். சிதறினால் போயிற்று. அப்பாயி கடித்துவிட்டு ஒன்றும் சொல்ல மாட்டார். சாக்கை எடுத்தால் அள்ளலாம் என்று அர்த்தம், முந்தானையை இழுத்துச் செருகினால் இன்னொரு தரம் கிளற வேண்டும் என்று அர்த்தம்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலை எதுவும் நடக்காது. அதற்குள், புரட்டாசி வெயிலிலேயே, இரண்டு மாதத்துக்கு உள்ளதை அவித்துக் காய வைத்துக்கொள்ள வேண்டும். வரட்டியும் அப்படித்தான். மழைக்கு முன் தட்டி அடுக்காத வீட்டில் கார்த்திகையில் ஈர விறகுப் புகைதான்.

இப்போது கணக்கு. வீட்டில் எட்டுப் பேர், ஆளுக்கு ஒரு நாளைக்கு அரைக்கிலோ அரிசி, ஆக 4 கிலோ. நெல் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் அரிசியாக வரும். அப்போ 6 கிலோ நெல். 60 கிலோ மூட்டை பத்து நாளைக்கு. வருஷத்துக்கு 36 தரம் ஊறவைத்து, அவித்து, காய வைத்து, குத்த வேண்டும். களத்து வேலைக்காரருக்குப் பொங்கிப் போட்டது, விருந்தாளி, கல்யாணம், கருமாதி எல்லாம் இதற்கு மேல். ரைஸ் மில் வந்ததும் குத்துவது போயிற்று, அவிப்பது போகவில்லை. மூட்டையை அவித்து உலர்த்தித்தான் மிஷினுக்குக் கொண்டுபோனார்கள். ஆகையால் "மில் வந்த பிறகு வேலை குறைந்தது" என்று எழுதினால் பாதிதான் சரி. மில் எந்த வருஷம் வந்தது, வீட்டில் அவிப்பது எந்த வருஷம் நின்றது என்று இரண்டையும் தனித்தனியாகக் கேள். நடுவில் உள்ள வருஷத்தை 36-ஆல் பெருக்கிப் போடு. "ஓயாமல்" என்கிற சொல்லுக்கு பதிலாக அந்த எண் நிற்கட்டும்.

முறத்தைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறாய், "முறத்தால் சலிப்பார்" என்று. முறத்தால் சலிக்க மாட்டார்கள், சலிப்பது சல்லடை. முறத்துக்குத் தனித்தனி வேலை, தனித்தனிச் சொல். புடைத்தால் உமியும் தூசியும் முன்னால் பறக்கும். நாவினால் அரிசிக்குள் நிற்கிற நெல்லும் கல்லும் ஒரு பக்கம் ஒதுங்கும். கொழித்தால் நொய்யும் குருணையும் பிரியும். புடைக்கும்போது முழங்கை மேலும் கீழும் ஆடும். நாவும்போது மணிக்கட்டு மட்டும் பக்கவாட்டில் அசையும். சின்ன அப்பாயியிடம் வாயால் கேட்காதே, கையில் முறத்தையும் ஒரு படி அரிசியையும் கொடுத்துவிடு. சொல் தானாக வரும், கை அசைவு அதற்கு முன்னாடியே வரும். அதை வீடியோவாக எடு, முகத்தை விட்டுவிட்டுக் கையை எடு.

விதை. விதைநெல்லுக்கு வரப்போரத்து நெல்லை எடுக்க மாட்டார்கள், அடுத்த வயல் ரகம் கலந்திருக்கும். வயல் நடுவில் கலப்புக் கதிரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அந்த இடத்தைத் தனியாக அறுத்து, தனியாக அடித்து, நன்றாகக் காய வைத்துத் தனியாகக் கட்டுவார்கள். அவிக்கிற மூட்டையோடு சேர்ந்துவிட்டால் போயிற்று, அவித்த நெல் முளைக்காது. விதைக்கு முன்னால் ஒரு கைப்பிடியை ஈரத்துணியில் முடிந்து வைத்து முளைப்பு பார்ப்பது வீட்டுப் பெண்கள் வேலை. பிறகு விதைநெல்லை ஒரு நாள் ஊறவைத்து, ஒரு நாள் சாக்கில் மூட்டம் போட்டு, நடுநடுவே கையை உள்ளே விட்டுச் சூடு பார்க்க வேண்டும். சூடு அதிகமானால் முளை வெந்துபோகும், தண்ணீர் தெளித்துப் புரட்டிவிட வேண்டும். குறுவைச் சாகுபடிக்கு மேட்டூர் அணை திறக்கிற ஜூன் 12-ஐ ஒட்டி இந்த வேலை வரும். நாற்றங்கால் சரியில்லை என்று வயலில் யாரைத் திட்டினாலும், தப்பு பெரும்பாலும் இந்தச் சாக்கில்தான் நடந்திருக்கும்.

தாளடி, சம்பா முடிந்ததும் உளுந்து, பச்சைப் பயறு. அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாடி, நிற்கிற நெல்லுக்குள்ளேயே ஈரத்தில் விதைத்துவிடுவார்கள். பிடுங்குவது, அடிப்பது, வருஷம் முழுக்க வண்டு விழாமல் காப்பது பெண்கள் பாடு. வண்டு டப்பாவில் பிறப்பதில்லை. வயலில் காயிலேயே முட்டை ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வருகிறது. அதனால்தான் அடுத்தடுத்து இரண்டு மூன்று நாள் சுள்ளென்ற வெயில். பிறகு சாம்பல் பிசறியோ வேப்பிலை போட்டோ பானையில் கட்டுவது. முழுப் பயறில் விழுகிற அளவுக்கு உடைத்த பருப்பில் விழாது. சமையலுக்கு உள்ளதைத் திருகையில் உடைத்து வைத்துக்கொண்டு விதைக்கு மட்டும் முழுசாக வைப்பது அதற்காகத்தான்.

மாட்டைப் பற்றி நீ எழுதியிருப்பது சரியாகத்தான் இருக்கிறது, அப்படியே விடு. சீம்பால் அன்று தெருவுக்கே பங்கு போனதையும் சேர்த்துக்கொள்.

இப்போது கொஞ்சம் கசப்பாக ஒன்று. "வயலில் இறங்கி நாற்று நட்டு, களை பறித்து, கதிர் அறுத்து" என்று எல்லாவற்றையும் அப்பாயி தலையில் ஏற்றியிருக்கிறாய். அது உண்மை இல்லை. மூன்று ஏக்கர் நடவை ஒரு ஆள் நட முடியாது. நட்டவர்கள் தெற்குத் தெருப் பெண்கள். அப்பாயி ஆள் குறைந்த நாளில் இறங்கி நட்டிருக்கிறார், களைக்கும் போயிருக்கிறார். மற்ற நாளில் கஞ்சியும் ஊறுகாயும் கொண்டுபோய், நாற்று முடி எண்ணி, சாயங்காலம் கூலி அளந்தார். அளந்த கை வேறு, வாங்கின மடி வேறு. நட்டவர்களில் இப்போதும் நாலு பேர் இருக்கிறார்கள். அவர்களைப் போய்ப் பார். அப்பாயியைப் பற்றி அவர்கள் சொல்வது எல்லாம் நல்லதாக இருக்காது, எழுதிக்கொள். அவர்கள் சம்மதித்தால் பெயரையும் போடு. சேற்றுப்புண்ணுக்கு ராத்திரி மருதாணி அரைத்துக் கால் விரல் இடுக்கில் அப்பிக்கொண்டு மறுநாள் அதே சேற்றில் இறங்கியவர்கள் அவர்கள்.

கூலியை எழுதும்போது "சில மரக்கால் நெல்" என்று எழுதாதே. கூலி கூட்டிக் கேட்ட தகராறு முற்றித்தான் வெண்மணியில் ஒரே குடிசையில் 44 பேர் தீயில் போனார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அந்த மாவட்டத்தில் இருந்துகொண்டு அளவைக் குத்துமதிப்பாக எழுதக்கூடாது. நம்ம பக்கம் 12 மரக்கால் ஒரு கலம், 2 கலம் ஒரு மூட்டை. ஆனால் மரக்கால் எல்லா ஊரிலும் ஒன்றில்லை. ஒரே ஊரிலேயே பெரிய மரக்கால், சின்ன மரக்கால் உண்டு. அதற்கு மேல், தலை தட்டி அளந்தார்களா, கோபுரமாக விட்டு அளந்தார்களா என்று பார்க்க வேண்டும். ஒரு மரக்காலுக்கு ஒரு கைப்பிடி வித்தியாசம் வந்துவிடும். கேட்கும்போது "எத்தனை மரக்கால்" என்பதோடு "எப்படி அளந்தாங்க" என்றும் கேள். ஒலிப்பதிவைக் கேட்டு எழுதும்போது இன்னொன்று கவனி: அளக்கும்போது "ஒன்று" என்று சொல்ல மாட்டார்கள், "லாபம்" என்பார்கள். லாபம், ரெண்டு, மூணு. நீ அந்த லாபத்தை வருமானம் என்று எழுதிவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது.

நிலமும் அப்படித்தான். 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. மா என்பது ஏறக்குறைய 33 சென்ட். "ஒன்பது மா" என்று சின்ன அப்பாயி சொன்னால் மூன்று ஏக்கர். பணத்தில் 16 அணா ஒரு ரூபாய். 1957-க்கு முந்தின கணக்கை இன்றைய பைசாவாக மாற்றி எழுதாதே, அணாவாகவே விடு.

காகிதங்கள். அப்பாயி பெயர் எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடினால் கொஞ்சம்தான் கிடைக்கும். பட்டா தாத்தா பெயரில். வாக்காளர் பட்டியலில் "கணவர் பெயர்" என்ற அடையாளத்தோடு. பத்திரத்தில் ஆம்பளைகளுக்கு "விவசாயம்", அப்பாயிக்கு "வீட்டு வேலை". மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே சொந்த நிலத்தில் கூலியில்லாமல் பார்க்கிற வேலையும் வேலைதான் என்று கேள்விக்குள் எழுதிச் சேர்த்தது 1991-ல்தான். அப்போது அப்பாயிக்கு 54 முடிந்து, இடுப்பு விட்டுப்போயிருந்தது.

ஆனால் இரண்டு இடத்தில் நல்ல தகவல் இருக்கிறது. ஒன்று, அப்பாயி தன் பிறந்த வீட்டு நிலத்தை அண்ணன் தம்பிக்கு எழுதிக் கொடுத்த விடுதலைப் பத்திரம். அதில் அவர் பெயர், அவர் அப்பா பெயர், அன்றைய வயது, பெருவிரல் ரேகை எல்லாம் இருக்கும். ரேகை மட்டும் இருந்து கையெழுத்து இல்லாததை வைத்து "படிப்பறிவில்லாதவர்" என்று எழுதிவிடாதே. பஞ்சாங்கத்தில் மாதமும் திதியும் எழுத்துக் கூட்டிப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தவர். அசல் பத்திரம் மாமா வீட்டில் இருக்கிறது. கிடைக்காவிட்டால் சர்வே எண்ணை வைத்து வில்லங்கம் போட்டுப் பார்த்தால் ஆவண எண்ணும் தேதியும் வரும்.

இன்னொன்று அடகுச் சீட்டு. அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்த தகரப் பெட்டியில் ஒரு கட்டு இருக்கிறது. ஆனியில் சங்கிலி போகும், தையில் அறுத்து அளந்ததும் திரும்பும். விதை, உரம், நடவுக்கூலி எல்லாம் அந்தச் சங்கிலியில் வந்ததுதான். சீட்டுகளைத் தேதி வாரியாக அடுக்கிப் பார். எந்தெந்தத் தையில் சங்கிலி திரும்பவில்லையோ அது தண்ணீர் வராத வருஷம், அல்லது புயல் வருஷம், அல்லது வீட்டில் கல்யாணம். 2012-ல் குறுவைக்குத் தண்ணீர் வரவில்லை. அந்த வருஷச் சீட்டின் பின்னால் வட்டி கட்டிப் புதுப்பித்த முத்திரைகள் வரிசையாக விழுந்திருக்கின்றன. தாத்தா பெயரில் நிலம், அப்பாயி கழுத்தில் முதலீடு. இதை நீ நல்ல தமிழில் எழுதிக்கொள்.

பிள்ளைகள். "ஐந்து மக்களைப் பெற்றார்" என்று எழுதியிருக்கிறாய். இருக்கிறவர்கள் ஐந்து. பெற்றது ஏழு. பெரியவர்களிடம் "எத்தனை பிள்ளைங்க" என்று கேட்டால் இருக்கிற கணக்கைத்தான் சொல்வார்கள். "எத்தனை பேறுகாலம், ஒவ்வொண்ணும் எந்த வீட்டுல" என்று கேட்டால்தான் முழுக் கணக்கு வரும். அந்தக் கேள்வியைக் கூட்டத்தில் கேட்காதே, ஆம்பளைகள் இருக்கும்போது கேட்காதே. சின்ன அப்பாயி தனியாகப் பூக் கட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேள். பதில் வராவிட்டால் அந்த நாளோடு விட்டுவிடு.

அவரிடம் பேசக் காலை எட்டிலிருந்து பத்து வரைதான் நேரம். சாப்பிட்ட பிறகு அசதி வந்துவிடும், சாயங்காலம் பெயர்கள் குழம்பும். மின்விசிறியை நிறுத்து, இல்லாவிட்டால் பதிவில் காற்று மட்டும்தான் கேட்கும். போனை மேஜையில் வெறுமனே வைத்தால் தட்டுகிற சத்தமெல்லாம் விழும். மடித்த துண்டின் மேல் வை. ஆமாம் இல்லை என்று பதில் வருகிற கேள்வியே வேண்டாம். பதிவு முடிந்ததும் தேதியும் யார் பேசியது என்பதையும் கோப்பின் பெயரிலேயே போட்டுவிடு. ஆறு மாதம் கழித்து எது யாருடைய குரல் என்று உனக்கே தெரியாது.

கூடத்தில் மாட்டியிருக்கிற 1970-களின் ஸ்டுடியோப் படத்தைச் சட்டத்திலிருந்து பிரிக்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டியிருக்கிறது. உரித்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடி மேலேயே, ஃபிளாஷ் இல்லாமல், ஜன்னலுக்குப் பக்கவாட்டில் நிறுத்தி எடுக்கச் சொல்லியிருக்கிறேன். மற்ற படங்களுக்குப் பின்னால் பெயர் எழுதப் பென்சில் மட்டும். பேனா மை மறுபக்கம் ஊறும், பால்பாயிண்ட் அழுத்தினால் முகத்தில் வடு தெரியும்.

திதி மாசியில். அச்சகத்தில் தை இருபதுக்குள் கேட்கிறார்கள். சின்ன அப்பாயி மார்கழி பிறந்ததும் மகன் வீட்டுக்குக் கோயம்புத்தூர் போகிறார், பொங்கலுக்குப் பிறகுதான் வருவார். வீடியோ அழைப்பில் பேசுவதென்றால் அதற்குள் பேசிவிடு, முறத்தை நான் கொடுக்கிறேன்.

கூலி அளந்த மரக்கால் பரணில் இருந்தது, எடுத்துத் துடைத்தேன். அடியில் ஒரு பக்கம் வெடித்து உள்ளே தகரம் வைத்துத் தைத்திருக்கிறது. காய்ந்த நெல்லைப் போட்டுத் தராசில் வைத்துப் பார்த்தேன். தலை தட்டி அளந்தால் 2 கிலோ 420. கோபுரமாக விட்டால் 2 கிலோ 710. இரண்டையும் எழுதிக்கொள்.

அன்புடன்,
அம்மா